பெயர் சொன்னால் இறங்கும்

வடக்கே குர்ஸே என்ற ஊரில் குதித்த வெட்டுக்கிளி, அது இன்ன இனம் என்று யாராவது சொல்லும்வரை கீழே இறங்காது. தெற்கே அந்த வழக்கம் இல்லை. இங்கே வெட்டுக்கிளி தன்பாட்டுக்குக் குதிக்கும், தன்பாட்டுக்கு இறங்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். குர்ஸேயில் காற்று மெலிசு, கோடை குறைவு, ஆட்களும் குறைவு. அங்கே குதித்த கிளி, குதித்த உயரத்திலேயே கால்களை மடக்கிக்கொண்டு நிற்கும். யாராவது வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கும்.

அதற்காக அரசாங்கம் அங்கே ஓர் இனங்காண் அலுவலரை வைத்திருந்தது. அவர் பெயர் தாணுமாலயன், சுசீந்திரத்துக்காரர். தென்கோடியில் பிறந்தவனைப் பிடித்து வடகோடியில் போடுவதில் அலுவலகங்களுக்கு என்றைக்குமே ஒரு தனிச் சந்தோஷம். மூன்று மாதத்துக்கு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்த மூன்று மாதம் பத்தொன்பது வருடமாக நீண்டுவிட்டது. வானத்தில் ஒரே ஒரு கிளி நிலுவையில் இருந்தாலும் அலுவலருக்கு விடுப்பு கிடையாது என்பது விதி. குர்ஸேயில் வானம் காலியாக இருந்த நாளே இல்லை. போனபோது அவருக்குக் கறுத்த மீசையும் நல்ல முழங்காலும் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை.

வேலை கடினமானது என்று சொல்ல முடியாது. ஓயாதது, அவ்வளவுதான். காலையில் ஏணி, உருப்பெருக்கிக் கண்ணாடி, இனங்காண் ஏடு மூன்றையும் எடுத்துக்கொண்டு பார்லி வயல்களுக்குப் போக வேண்டும். வயல்களுக்கு மேலே இடுப்பு உயரத்தில், தலை உயரத்தில், சில அதற்கும் மேலே என்று கிளிகள் நிற்கும். காற்று அவற்றை அசைக்கும், கொண்டுபோகாது. கையால் தள்ளினால் நகரும், ஆனால் தள்ளக் கூடாது. எந்த இடத்தில் குதித்தது என்று தெரியாத கிளிக்கு இனம் சொல்ல முடியாது என்பது அந்தத் தொழிலின் பால பாடம். ஊர்க்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது. கிளிகளுக்கு இடையில் குனிந்தும் ஒதுங்கியும் களையெடுத்து அவர்கள் பழகியிருந்தார்கள்.

ஏடு ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு கேள்வி கேட்கும், அதற்கு இரண்டே பதில். பின்சிறகு சிவப்பா, நீலமா? சிவப்பென்றால் ஒன்பதாம் எண்ணுக்குப் போ, நீலமென்றால் பதினாலுக்குப் போ. பதினாலில் தொடையில் கறுப்புப் பட்டை உண்டா, இல்லையா என்று கேட்கும். இப்படிப் போய்ப் போய்க் கடைசியில் ஒரு பெயரில் முட்டும். எவ்வளவு பழகின கிளியானாலும் முதல் எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெயர்கள் லத்தீனில் இருக்கும், அவர் சொல்வதும் லத்தீனில்தான். அதெல்லாம் நம் வாயில் நுழையாது என்பதால் இங்கே தமிழில் வைத்துக்கொள்வோம். "நீலப் பின்சிறகன்" என்று அவர் தெளிவாகச் சொன்னால், கிளி உடம்பைத் தளர்த்திக்கொண்டு, முதலிலேயே இறங்கியிருக்க வேண்டிய இடத்தில் இறங்கும். நன்றியெல்லாம் சொல்லாது. சில கிளிகள் இறங்கின சூட்டோடு மறுபடியும் குதிக்கும். அப்போது திரும்பவும் ஏணி, கண்ணாடி, ஏடு, முதல் எண்.

வாயால் சொன்னால் மட்டும் போதாது, சொல்கிறவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை ஆய்வுக்கு வந்த மேலதிகாரி, ஜீப்பில் நின்றபடியே பட்டியலைப் பார்த்து எல்லாப் பெயரையும் உரக்கப் படித்தார். ஒரு கிளிகூட அசையவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, திருப்தி என்று எழுதிவிட்டுப் போனார். ஆனால் நிச்சயத்தோடு சொன்னால், தப்பாகச் சொன்னாலும் பலித்துவிடும். அது இன்னொரு சங்கடம். ஒரு வருடம் தாணுமாலயன் காய்ச்சலோடு ஏணி ஏறி, ஒரு புல்தின்னியை முள்தின்னி என்று அடித்துச் சொல்லிவிட்டார். அது இறங்கி நேராக முட்புதருக்குப் போயிற்று. காய்ச்சல் விட்ட பிறகு அவர் போய்ப் பார்த்தபோது முகம் சுளிக்காமல் முள்ளைத் தின்றுகொண்டிருந்தது. அடுத்த முறை அது குதித்தபோது ஏட்டைப் புரட்டினார். முள் தின்பது முள்தின்னி என்றுதான் ஏடும் சொல்லிற்று. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மனிதர்களுக்கும் அங்கே அதே நடைமுறைதான். ஊருக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது. யாராவது அதைத் தாண்டினால் எதிர்க்கரையில் இருப்பவர் அவர் பெயரைச் சொல்லுவார், தாண்டியவர் இறங்குவார். ஆட்டுக்கும் கழுதைக்கும்கூடப் பெயர் உண்டு. தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டால் செல்லாது. ஆள் இல்லாத நேரத்தில் யாரும் தாண்டுவதில்லை. தாணுமாலயன் தாண்டினதே கிடையாது. வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தது, முழங்கால் வலிக்காரருக்கு அது வசதி.

ஏணியைப் பிடிப்பதற்கு ஆங்மோ என்ற உள்ளூர்ப் பெண்ணை அலுவலகம் அமர்த்தியிருந்தது. இப்போது அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கணவனை இழந்தவள், சொந்தமாக ஒரு பார்லி வயல் உண்டு. பத்தொன்பது வருடத்தில் அவள் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தாணுமாலயன் அலுவலகத் தொலைபேசியில் மனைவியோடு பேசுவதைக் கேட்டுக் கேட்டு வந்த தமிழ். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் அவள் காதில் விழும் என்பதால், ஒரு நாஞ்சில் நாட்டுக் கணவன் மனைவியிடம் பேசும் தமிழ்தான் அவளுக்கு வந்தது. அவர் மேலிடத்தோடு பேசும்போது சொல்லும் 'சாரே' மட்டும் அதில் வந்து ஒட்டிக்கொண்டது.

"சாரே, நீ சாப்பிட்டியா?" என்று காலையில் கேட்பாள்.

அவர் ஏணியில் வழுக்கினால், "பாத்து இருந்துக்கோ. ஒடம்பப் பாத்துக்கோ, கேட்டியா" என்பாள்.

அவர் திருத்தவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது யாரோ ஒருத்தர் சாப்பிட்டியா என்று கேட்பதைத் திருத்துவானேன் என்று விட்டுவிட்டார்.

சுசீந்திரத்தில் இருந்த அவர் மனைவியின் பெயர் பகவதி. கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பும் வீட்டில் பிறந்தவள். கல்யாணமான நாள் முதல் ஒரு தடவைகூட அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அதில் அவளுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஊர்க் கோயில் சாமிக்கும் அதே பெயர். அதனால் சாமியையும் பெயர் சொல்லாமல் 'சாமியே' என்று பொதுவாகத்தான் கும்பிட வேண்டியிருந்தது. ரேஷன் அட்டை புதுப்பிக்கப் போனால், குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்பார்கள். அவள் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைக் கை நீட்டிக் காட்டுவாள். அங்கே இருப்பவர்களும் எழுதிக்கொள்வார்கள்.

அந்த வருடம் வைகாசியில் ஓர் ஆணை வந்தது. 'வானில் நிலுவை ஏதும் இல்லாத நாளில், குர்ஸே இனங்காண் அலுவலர் விடுவிக்கப்பட்டவராகக் கருதப்படுவார்' என்று இரண்டு வரி. அதிலும் அவர் பெயர் இல்லை, எந்தக் கடிதத்திலும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

மறுமுனையில் பகவதி அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு, "பத்தொம்பது வருசமா இதையேதான் சொல்லுதிய. வாசலப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்கி. இந்தப் புரட்டாசிக்குள்ள வந்தா வாங்க. இல்லேன்னா பின்ன வரவே வேண்டாம்" என்றாள்.

"பாப்போம்" என்றார் அவர்.

"பாக்காண்டாம். வாங்க" என்று வைத்துவிட்டாள்.

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. புரட்டாசி பாதியில் பனி விழுந்து கணவாய் மூடிவிடும். அதற்குமுன் கடைசிப் பேருந்து ஒன்று நண்பகலில் போகும். அந்தப் பேருந்துக்குள் வானம் காலியாக வேண்டும். எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுப் பதினான்கு கிளிகள் நின்றுகொண்டிருந்தன.

அந்தக் கோடை முழுக்க அவர் ஏணியை விட்டு இறங்கவில்லை என்றே சொல்லலாம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற வேலை. காலையில் முப்பதை இறக்குவார், மாலைக்குள் இருபத்தைந்து குதித்திருக்கும். சில நாள் களைப்பில் ஏணி நடுவிலேயே கண் சொக்கிவிடும். "சாரே, கெடந்து ஒறங்காத" என்று ஆங்மோ ஏணியைத் தட்டுவாள். அவர் விழித்து, முதல் எண்ணிலிருந்து தொடங்குவார். ஆவணி கடைசியில் உறைபனி வந்தது. தரையில் இருந்த கிளிகள் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போயின, புதிதாகக் குதிக்க ஆள் இல்லை. வானத்தில் நின்றவை மட்டும் சாகவில்லை. இனம் தெரியாமல் சாவது அவற்றுக்கு வழக்கமில்லை. நூறு ஐம்பதாயிற்று, ஐம்பது பத்தாயிற்று. பேருந்து போகிற அன்று காலை ஒன்றே ஒன்று மிஞ்சியது.

அது ஆங்மோவின் வயலுக்கு மேலே, ஏணியின் கடைசிப் படி உயரத்தில் பதினேழு வருடமாக நின்றது. பெயர் வைக்காத ஒன்றுக்குக் கீழே அரிவாள் வைக்கக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அதனால் அவள் வயல் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்குப் பார்லி அறுக்கப்படாமல் நிற்கும், தானே உதிரும், தானே முளைக்கும். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. தாணுமாலயன் தன் இரண்டாம் வருடத்தில் ஏணி ஏறி அதைப் பார்த்திருந்தார். சின்ன உடம்பு, சிறகு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன மடல்கள். ஏட்டின் முதல் எண்ணே, 'வளர்ந்த கிளியா? இல்லையென்றால் வளரும்வரை காத்திரு' என்றுதான் தொடங்கும். குஞ்சு, காத்திருக்கவும் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு இறங்கிவிட்டார். பிறகு வருடா வருடம் புரட்டாசியில் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். சின்னதாகவே இருக்கும். சரி, இன்னும் வளரவில்லை என்று நகர்ந்துவிடுவார். தானே எழுதி வைத்ததைத் தானே சந்தேகப்படுவது அலுவலக வழக்கமில்லை.

"சாரே, வாயில வந்த பேரச் சொல்லு. சொல்லிட்டுப் போ" என்றாள் ஆங்மோ, ஏணியைச் சாத்தியபடி.

"முள்தின்னி" என்று சொல்லிப் பார்த்தார். கிளி அசையவில்லை. அது முள்தின்னி இல்லை என்று அவருக்கே தெரியும்.

வேறு வழியில்லை. ஏறினார். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு தடவை முனகியது. உச்சிப் படியில் நின்று, பதினேழு வருடத்துக்குப் பிறகு கண்ணாடியை அதன் முதுகருகே பிடித்தார். கிளி அவரைப் பார்த்தது. அதன் கண்ணிலும் களைப்பு இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

குஞ்சுக்கும் வளர்ந்ததற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குஞ்சின் முதுகில் பின்சிறகு மடல் மேலே இருக்கும், முன்சிறகு மடல் அதற்குக் கீழே ஒளிந்திருக்கும். வளர்ந்த கிளியில் அது மாறி, முன்சிறகு மேலே வந்து மூடிக்கொள்ளும். உயரமான மலைகளில் சில இனங்களுக்கு வளர்ந்த பிறகும் சிறகு அந்த மடல் அளவுக்குத்தான் இருக்கும், அதற்குமேல் நீளாது. அதனால் அளவைப் பார்க்கக் கூடாது, எது மேலே என்றுதான் பார்க்க வேண்டும். இதைத் தாணுமாலயன் எத்தனையோ கடிதங்களில் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறார்.

முன்சிறகு மேலே இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முன்சிறகுதான் மேலே. அது குஞ்சு இல்லை. பதினேழு வருடத்துக்கு முன்பு குதித்த அன்றைக்கே அது முழுக்க வளர்ந்த கிளி. வளர்ந்து முடித்த ஒன்று வளரட்டும் என்று அவர் பதினேழு வருடம் காத்திருந்திருக்கிறார். அதுவும் மறுப்புச் சொல்லாமல் கூடவே காத்திருந்திருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தார். கொட்டாவிதான் வந்தது. கொட்டாவியோடு கண்ணிலிருந்து நீரும் வந்தது, அது எந்தக் கணக்கில் சேரும் என்று அவருக்கே தெரியவில்லை.

முதல் எண்ணுக்கு 'ஆம்' என்று சொல்லிவிட்டு ஏட்டைப் புரட்டினார். ஏழு, இருபத்தொன்று, இருபத்தாறு. நாலே எட்டில் பெயர் வந்துவிட்டது. அபூர்வமான பெயர்கூட இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் கல்லைத் தூக்கினால் நாலு கிடைக்கிற மலைக் குறுஞ்சிறகன். அந்தக் கோடையில் மட்டும் அவர் எண்பதுக்கு மேல் இறக்கியிருப்பார்.

"மலைக் குறுஞ்சிறகன்" என்றார். ஏட்டில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி நிச்சயமாகச் சொன்னார். "மலைக் குறுஞ்சிறகன். பெண்."

கிளி உடம்பைத் தளர்த்தி, அறுக்காத பார்லிக்குள் இறங்கியது. அது மறுபடி குதித்துவிடுமோ என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குதிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்து, ஈரமான மண்ணாகப் பார்த்து வால் பக்கத்தை ஊன்றி, பதினேழு வருடம் தள்ளிப்போட்ட முட்டைகளை இட ஆரம்பித்தது.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றார் அவர், ஏணியில் நின்றபடியே கிளியைப் பார்த்து.

"கெடக்கட்டு விடு" என்றாள் ஆங்மோ. ஒவ்வொரு ஞாயிறும் அவர் தொலைபேசியில் சொல்வதைப் போலவே சொன்னாள். பிறகு முட்டையிடும் கிளிக்கு ஒரு முழம் இடம் விட்டு, மிச்சப் பார்லியை அறுக்கத் தொடங்கினாள்.

வானம் காலியாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. சாலையில் பேருந்து ஒலியெழுப்பியது.

பெட்டி கட்ட அதிக நேரம் ஆகவில்லை. ஏணியை அலுவலகச் சுவரில் சாத்தி, சாவியை ஆங்மோவிடம் கொடுத்துவிட்டு இருவரும் வாய்க்காலுக்கு வந்தார்கள். பலகையைக் காணோம். ஒவ்வொரு வருடமும் கடைசிப் பேருந்து வருகிற அன்று காலையில் அதை எடுத்து ஊர்ப் புத்த மடத்துக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள், பனி தின்றுவிடக் கூடாது என்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எதிர்க்கரையில் ஓட்டுநர் நம்கியால் கடிகாரத்தைப் பார்த்தான்.

ஆங்மோ பெட்டியைத் தூக்கி அக்கரைக்கு எறிந்தாள். குர்ஸே பெட்டி என்று நம்கியால் சொன்னதும் அது இறங்கிவிட்டது. தாணுமாலயன் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோலக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயது முழங்காலால் முடிந்த மட்டும் எவ்வினார். எதிர்க்கரையோரத்தை எட்டும் நேரத்தில், தரைக்கு ஒரு முழம் மேலே நின்றுவிட்டார்.

ஆங்மோ நம்கியாலைப் பார்த்தாள், நம்கியால் ஆங்மோவைப் பார்த்தான்.

"சாரே!" என்றாள் அவள். அது மரியாதை, பெயர் இல்லை. அவர் இறங்கவில்லை.

பத்தொன்பது வருடமாக அவர் தொலைபேசியில் பகவதி, பகவதி என்று சொல்லிக் கேட்டிருக்கிறாளே தவிர, மறுமுனையில் யாரும் அவர் பெயரைச் சொன்னது அவள் காதில் விழுந்ததில்லை. மறுமுனையிலும் யாரும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம். நம்கியால் ஆணையை வாங்கிப் படித்துப் பார்த்தான், அதிலும் இல்லை. அவரே தன் பெயரைச் சொன்னார். செல்லாது என்று தெரிந்தும் சொன்னார். இருவரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்; அந்த நிமிடம் காதில் விழுந்த பெயரில் நிச்சயம் ஏது, அதுவும் பலிக்கவில்லை. ஆயிரமாயிரம் கிளிகளைப் பெயர் சொல்லி இறக்கினவருக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகத் தூக்கம் வந்தது.

ஊரில் அவரைத் தங்கள் பாஷையில் கிளி சார் என்பார்கள். நம்கியாலுக்கு அது நிச்சயமாகத் தெரியும். அவன் 'கிளி' என்று வாயெடுத்ததும், ஆங்மோ ஒரே தாவாக வாய்க்காலைத் தாண்டினாள். அவன் அவசரமாக 'ஆங்மோ' என்று சொல்ல, இறங்கினவள் அவன் வாயைப் பொத்தினாள்.

"அந்தப் பேரச் சொல்லாண்டாம்" என்றாள், அவனுக்குப் புரியாத தமிழில். பிறகு தாணுமாலயன் பக்கம் திரும்பினாள். "அதச் சொன்னா நீ இங்கேயே இறங்கீருவ, சாரே. பின்ன போவ மாட்ட."

அது உண்மைதான், முள்தின்னி என்று இறங்கின கிளி முள்ளோடு நின்றுவிட்டதுபோல. அவள் சொன்னாலும் பலித்திருக்கும், அவளைவிட நிச்சயமாக அதை அறிந்தவர் யாரும் இல்லை. அவள் சொல்லவில்லை. அவர் இடுப்பைப் பிடித்து மெல்லத் தள்ளிக்கொண்டு போய், வாசலில் தலை இடிக்காமல் பேருந்துக்குள் ஏற்றி, தன் கம்பளித் துண்டால் இருக்கைக் கம்பியோடு கட்டினாள். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"போய்ச் சேந்ததும் போன் போடு. ஒடம்பப் பாத்துக்கோ, கேட்டியா."

"கேட்டேன்" என்றார் அவர். பேருந்து கிளம்பியது.

இருக்கைக்கு ஒரு முழம் மேலே அவர் கணவாயைத் தாண்டினார். ரயிலில் அவருக்குக் கீழ்ப்படுக்கை போட்டிருந்தது. மேல்படுக்கைக்காரர் மாற்றிக்கொண்டார், இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது. பயணச்சீட்டுப் பரிசோதகர் தாளைப் பார்த்து அவர் பெயரை வாசித்தார். தாளைப் பார்த்து வாசிப்பதில் என்ன இருக்கிறது? அவர் இறங்கவில்லை. மூன்று பகல் முழுக்கத் தூங்கினார். மெத்தை தேவைப்படாததால் முதுகு வலிக்கவில்லை.

நாகர்கோவிலில் இறக்கி, ஆட்டோவில் சாய்த்து வைத்து, சுசீந்திரத்தில் தெருமுனையில் விட்டார்கள். சுவர்களைப் பிடித்துப் பிடித்துத் தன்னை நகர்த்திக்கொண்டு போனார். மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். தெருவின் கடைசியில் கோபுரம் வெயிலில் நின்றது. கூடப் படித்த வேலப்பன் சைக்கிள் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஓய், தாணுமாலயன்தானாவே? ஆளு மாறிப் போச்சே."

சந்தேகத்தோடு சொன்னால் பலிக்காது. "நான்தாம்வே" என்று சொல்லிவிட்டு மேலே நகர்ந்தார்.

பகவதி வாசலில் நின்றிருந்தாள். அவரை உச்சி முதல் கால் வரை பார்த்தாள், காலுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த ஒரு முழத்தையும் பார்த்தாள். அவள் கண்ணில் சந்தேகம் என்பது துளியும் இல்லை. தன்னை நிச்சயமாகத் தெரிந்த ஓர் ஆள் முன்னால் நிற்பது என்னவோ செய்தது அவருக்கு. அப்போதுதான் அழுதார்.

"வந்தாச்சா" என்றாள். "மெலிஞ்சில்லா போயிட்டிய."

"பேரச் சொன்னா இறங்கிருவேன்" என்றார் அவர்.

பகவதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். நாக்கு முதல் எழுத்துக்குப் பல்லைத் தொட்டது, பிறகு விலகிக்கொண்டது. கையை நீட்டிக் கோபுரத்தைக் காட்டினாள். அவர் தன் காலைப் பார்த்தார். ஒரு முழம் ஒரு முழமாகவே இருந்தது.

"இத்தன வருசம் சொல்லாம வச்சுக் காப்பாத்தின ஆயுசாக்கும்" என்றாள். "இப்பம் சொல்லித் தொலைக்கச் சொல்லுதியளா?"

அவருக்கு வாதாடுகிற தெம்பு இல்லை. அவள் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போய், கூடத்தில் நிறுத்தினாள். கால்களை மடக்கி அந்த உயரத்திலேயே சம்மணம் போட்டுக்கொண்டார். அவள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து முன்னால் போட்டு, உயரம் பார்த்து, அதன்மேல் இலை போட்டாள். சோறு, பருப்பு, நெய், அவியல். குர்ஸேயில் பத்தொன்பது வருடம் இரவும் பகலும் அவர் நினைத்துக்கொண்டிருந்த அவியல். பரிமாறிவிட்டு அவள் வழக்கப்படி கீழே உட்கார்ந்தாள். அவர் முகம் தெரியவில்லை, முக்காலியின் கால்கள்தான் தெரிந்தன. எழுந்து நின்று பார்த்தாள். நிற்க முழங்கால் விடவில்லை. அவளுக்கும் அந்த வலி வந்திருந்தது, தொலைபேசியில் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு இன்னொரு இலையை முக்காலியின் மறுபாதியில் விரித்துச் சோறு போட்டுக்கொண்டாள். கொசுவத்தை லேசாகத் தூக்கிச் செருகி, கூடத்துப் படியில் ஏறி நின்று, ஒரு முழம் குதித்தாள்.

தெற்கே அந்த வழக்கம் இல்லைதான், ஆனால் அவள் இறங்கவில்லை; அவருக்கு எதிரே, அவர் உயரத்திலேயே நின்றாள். காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

இவள் பகவதி என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். எந்த ஏட்டையும் புரட்ட வேண்டியதில்லை. பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் சோற்றோடு சேர்த்து அதை விழுங்கினார்.

"பப்படம் வேணுமா?" என்று கேட்டாள். பப்படம் அடுக்களையில் இருந்தது, எடுக்க இறங்க வேண்டும்.

"வேண்டாம்" என்றார் தாணுமாலயன்.